பாய்க்கரையும் பின்னல் ஊசியும்



குளிர்ப் பிரதேசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு உல்லன் நூலும் இரண்டு ஊசிகளும் அடுப்பங்கரைச் சாமான்களைப் போலவே இன்றியமையாதவை. குன்னூருக்கு மருமகளாக வந்த நாள் தொட்டு நானும் பின்னிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தார் குழந்தைகளுக்குமாக எத்தனையோ ஸ்வெட்டர்கள் பின்னியாயிற்று. பின்னி முடித்த ஒன்றைக் காணும் பெண்கள் யாராயினும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த டிசைன் எங்கே எடுத்தீர்கள்?”

மிக எளிய கேள்வி. ஆயினும் ஒருமுறை அதற்கு நான் பொய்யான விடை சொன்னேன். அந்த விடையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் மனம் திறந்து பேச விரும்புகிறேன்.

1992ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிக் கைவேலைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். சந்தன நிற நூலில் பின்னிய ஒரு ஸ்வெட்டரை நான் அதில் வைத்திருந்தேன். அதன் அடிக்கரையிலும் கைகளின் ஓரத்திலும் சிவப்பு நூலால் சாய்சதுரங்கள் அணிவகுத்து நின்றன. ஒன்றன் முனை அடுத்ததைத் தொட, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி. பார்வையிட வந்த நடுவர் அதை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, “எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?” என்று வினவினார். “புத்தகம் ஏதுமில்லை, என் சொந்தக் கற்பனை” என்றேன். முதற்பரிசாக ஓர் எவர்சில்வர் குடம் கிடைத்தது. பெருமையோடு அதில் என் பெயரையும் வெட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் என் மாமியும் அமர்ந்திருந்தார்கள்.

மாமி பத்தமடையில் பிறந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையைக் கொண்டு பாய் நெய்யும் அவ்வூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சமுதாயப் பெண்களின் விரல்களே அந்தப் பாய்க்குப் புகழ் தேடித் தந்தவை. பச்சைக் கோரையை அறுத்துக் காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்கிறார்கள். பட்டுப்போல் மடியும் பாய்க்கு இழையும் அவ்வளவு நுண்மையாக இருத்தல் வேண்டும். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து தருவதும் அவ்வூர் வழக்கம். மாமியின் திருமணத்திற்கு அவர்களுடைய உம்மாவே பாய் நெய்து கொடுத்தார்களாம். மாமாவின் பெயரும் மாமியின் பெயரும் அதில் இருந்தன. இரு ஓரங்களிலும் சிவப்புக் கோரையில் சாய்சதுரக் கரை; ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி.

என் மூத்த மகன் பிறந்தபோது மாமி அந்தப் பாயைத் தரையில் விரித்து, அருகில் அமர்ந்து, கரையைப் பார்த்துப் பார்த்து ஒரு சிறு ஸ்வெட்டர் பின்னினார்கள். அவர்களுக்குப் பள்ளிப்படிப்பு அதிகமில்லை. கட்டம் போட்ட தாளும் அவர்கள் கையில் இருந்ததில்லை. விரலால் எண்ணியே பின்னி முடித்தார்கள். அந்தக் குழந்தை ஸ்வெட்டரைப் பார்த்துக் கட்டத்தாளில் வரைந்ததுதான் நான் செய்த வேலை. “என் சொந்தக் கற்பனை” என்று நான் சொன்னது அதைத்தான்.

வீடு திரும்பும்வரை மாமி எதுவும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின், எந்தக் கோபமுமின்றி, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள்.

“எங்க உம்மா பாயைப் பார்த்துப் போட்டதுன்னு சொல்லியிருந்தா, யாராவது ஒருத்தர் அவங்களுக்கு ஒரு துஆ செஞ்சிருப்பாங்க, புள்ள.”

தமக்குப் பெயர் வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. மறைந்துபோன தம் தாய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பிரார்த்தனை கிடைக்காமற் போயிற்றே என்பதுதான் அவர்களுடைய வருத்தம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சகோதரிகளே! அன்று முதல், பின்னல் மாதிரிப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது அதன் முன்னுரையைத்தான். எத்தனை உருண்டை நூல், எத்தனையாம் எண் ஊசி என்பதெல்லாம் பிறகு. இந்தப் பூவை இவர் எங்கே கண்டார்? இந்த நிறத்தை இவருக்குக் காட்டியது எது? இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகன் விடுமுறையில் வரும்போதெல்லாம் இரண்டொரு பழைய புத்தகங்களை வாங்கி வருவான். அவற்றைப் படிக்கப் படிக்க ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எதையும் உருவாக்கிவிடவில்லை. எவரோ செய்து வைத்த ஒன்றையோ, இறைவன் படைத்த ஒன்றையோ உற்றுப் பார்த்தவர்களே அவர்கள்.

கேஃப் ஃபாசெட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஓவியர் இவர். 1960களில் ஸ்காட்லாந்தில் ஒரு கம்பளி ஆலைக்குச் சென்றபோது, அந்த மலைநாட்டு நிலத்தின் வண்ணங்களையெல்லாம் அங்கிருந்த நூல்களில் கண்டு மயங்கி, பின்னத் தெரியாமலேயே இருபது நிற நூல்களை வாங்கிவிட்டார். லண்டன் திரும்பும் ரயிலில் உடன் வந்த ஒரு பயணிதான் அவருக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1985இல் வெளிவந்த அவருடைய பின்னல் புத்தகம் உலகெங்கும் பேசப்பட்டது. 1988இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. வாழுங்காலத்திலேயே அங்கு அச்சிறப்பைப் பெற்ற முதல் நெசவு, பின்னல் கலைஞர் அவரே. கீழ்த்திசைக் கம்பளங்கள், பள்ளிவாசல் சுவர்களின் ஓடுகள், பீங்கான் பாத்திரங்கள், பழைய கற்சுவர்கள் ஆகியவற்றிலிருந்தே தம் வண்ணங்களும் வடிவங்களும் பிறந்தன என்பதை அவர் மறைப்பதேயில்லை.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டார்மோர், பழங்காலக் கல்வெட்டுச் சிற்பங்களிலும் ஏட்டுச்சுவடிகளிலும் காணப்படும் முடிச்சுக் கோலங்களைக் கம்பளிக்குக் கொண்டுவந்தவர். அவருடைய நூல்களின் நிறங்களோ அத்தீவின் கடலும் புல்வெளியும் தந்தவை. ஷெட்லாந்து தீவுப் பெண்கள் பின்னும் மெல்லிய சால்வைகளில் கடலலை மணலில் விட்டுச்செல்லும் தடத்தின் பெயரால் ஒரு பின்னல் உண்டு. பூனையின் பாதம், குதிரை லாடம் என்ற பெயர்களிலும் உண்டு. எஸ்தோனியா நாட்டின் ஹாப்சாலு நகரச் சால்வையிலோ பள்ளத்தாக்கு லில்லி மலர் மொட்டுமொட்டாகப் பூத்திருக்கும். கண்ணெதிரே கிடந்ததைத்தான் அவர்கள் ஊசியில் ஏற்றினார்கள்.

நார்வே நாட்டின் செல்பு என்னும் ஊரில் ஒரு கதை உண்டு. 1857ஆம் ஆண்டு மாரிட் எம்ஸ்டாட் என்ற இளம்பெண், எட்டிதழ் மலரைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கையுறைகளை அணிந்து வழிபாட்டுக்குச் சென்றாளாம். கண்டவரெல்லாம் அதைப் பின்னத் தொடங்கினர். இன்று அம்மலர் அவ்வூரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்த எட்டுமுனை வடிவத்தை நம் பள்ளிவாசல்களின் ஓடுகளிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நாடுவிட்டு நாடு எத்தனை கைகளில் அது பிறந்ததோ, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

என் உள்ளத்தைத் தைத்த புத்தகம் வேறொன்று. பெட்சி ஹாரெல் என்ற பெண்மணி 1981இல் இஸ்தான்பூலில் வெளியிட்டது அது. துருக்கியின் சிவாஸ் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, இஸ்தான்பூலின் குடிசைப் பகுதியில் குடியேறிய பெண்களிடம் சென்று, அவர்களுடைய காலுறைப் பின்னல்களைச் சேகரித்து, கட்டத்தாளில் வரைந்து அச்சிட்டார். அவை எங்கே, யாரிடமிருந்து பெறப்பட்டவை என்பதைப் புத்தகத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்தார். ஊரையும் வயலையும் துறந்து வந்த அந்த முஸ்லிம் சகோதரிகள் தம்மோடு கொண்டுவந்த செல்வம் விரல்நுனியில் இருந்த பின்னல்தான். அனடோலியாவின் கம்பளங்களிலும் காலுறைகளிலும் வரும் வடிவங்களுக்குக் கொக்கி, கிடாக்கொம்பு, காதணி என்றெல்லாம் பெயருண்டு. பத்தமடையிலிருந்து மணமுடித்து வந்த என் மாமியும் அப்படியொரு செல்வத்தைத்தானே மலையேற்றிக் கொண்டுவந்தார்கள்? ஹாரெல் அம்மையார் வெளியூர்ப் பெண்களிடம் காட்டிய நேர்மையை நான் என் வீட்டுப் பெரியவரிடம் காட்டவில்லையே என்று வெட்கினேன்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மேன் பின்னற்கலையின் பேராசானாக மதிக்கப்பட்டவர். 1971இல் வெளியான அவருடைய புத்தகம் இன்றும் விற்பனையாகிறது. எண்ணற்ற புதிய முறைகளை அவர் கண்டார். ஆயினும், “இதை நான் கண்டுபிடித்தேன்” என்று சொல்லத் தயங்கினார். எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ ஒரு பெண் இதை முன்பே பின்னியிருக்கக் கூடும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே ஏற்கெனவே இருந்ததை மீண்டும் வெளிக்கொணர்ந்தேன் என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லையே ஆங்கிலத்தில் படைத்துக்கொண்டார். அறிவு நிறைந்த இடத்தில் அடக்கமும் குடியிருப்பதைப் பாருங்கள்!

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இந்தக் கலையின் மிகப் பழைய சான்றுகளுள் சில நம் முன்னோர் வாழ்ந்த மண்ணிலிருந்தே கிடைத்திருக்கின்றன. இஸ்லாமிய ஆட்சி நிலவிய எகிப்தில், ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிற்கும் 14ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் பின்னப்பட்ட பருத்திக் காலுறைகளும் துண்டுகளும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. நீலமும் வெள்ளையுமாக, கூஃபி எழுத்துகளை ஒத்த பட்டைகளோடு அவை விளங்குகின்றன.

ஸ்பெயின் நாட்டின் பர்கோஸ் நகரிலோ இதனினும் வியப்பான பொருள் ஒன்று உண்டு. 1275இல் மறைந்த ஃபெர்னாண்டோ என்ற காஸ்டீல் இளவரசரின் கல்லறையில் ஒரு பட்டுத் தலையணை இருந்தது. கழுகும் மலருமாக மிக நுண்ணிய கண்ணிகளில் பின்னப்பட்ட அந்த உறையின் கரையில் ஓர் அரபுச் சொல் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சொல் ‘பரக்கத்’! கிறிஸ்தவ இளவரசருக்காக அதைப் பின்னியவர்கள் முஸ்லிம் கைவினைஞர்களே என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். இளவரசரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஊசி பிடித்தவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் விட்டுச்சென்றது ‘பரக்கத்’ என்ற அந்த வாழ்த்து மட்டுமே.

பாயிலும் ஓட்டிலும் கம்பளத்திலும் உள்ள வடிவம் பின்னலுக்கு இத்தனை எளிதாக இசைவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பின்னல் என்பது கண்ணி கண்ணியாக, வரிசை வரிசையாக வளர்வது. ஒவ்வொரு கண்ணியையும் ஒரு கட்டமாகக் கொள்ளலாம். கோரைப் பாயிலும் இழையும் பாவும் கட்டம் கட்டமாகவே சந்திக்கின்றன. கோணங்களும் நேர்கோடுகளும் கொண்ட கூஃபி எழுத்தும் அவ்வாறே கட்டத்துக்குள் அடங்கும். ஆகவே ஒன்றில் எண்ணியதை மற்றொன்றில் எண்ணிப் போட முடிகிறது.

ஆயினும் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னற் கண்ணி சரியான சதுரமன்று. அகலம் சற்று மிகுதி, உயரம் குறைவு. நடுத்தரப் பருமனுள்ள நூலை 4 மில்லிமீட்டர் ஊசியில் ஒரே நிறத்தில் பின்னினால், 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு ஏறக்குறைய 22 கண்ணிகளும், அதே உயரத்திற்கு ஏறக்குறைய 28 வரிசைகளும் பிடிக்கும். சாதாரணக் கட்டத்தாளில் 22க்கு 22 என்று ஒரு பூவை வரைந்து அப்படியே பின்னினால், அகலம் 10 சென்டிமீட்டரும் உயரம் 8 சென்டிமீட்டருக்கும் குறைவாகவும் அமைந்து, பூ அமுங்கிப்போகும். நான்கு வரிசைக்கு ஒரு வரிசை கூட்டிக்கொண்டால் பூ நிமிர்ந்து நிற்கும். இரு நிற நூல்களைச் சேர்த்துப் பின்னும்போது கண்ணி ஓரளவு சதுரத்தை நெருங்கும். அப்பொழுது வேறொரு கவனம் வேண்டும். பின்னாத நூல் உட்புறமாகத் தொங்கிச் செல்லுமாதலால், ஒரு நிறத்தை ஐந்தாறு கண்ணிகளுக்கு மேல் தொடர்ந்து விட்டுவைத்தால் குழந்தையின் விரல் அதில் சிக்கிக்கொள்ளும். சாய்சதுரத்தின் நடுவே புள்ளி எதற்கென்று இப்பொழுது விளங்குகிறதா? பாயில் அழகுக்காக இருந்த அப்புள்ளி, ஸ்வெட்டரில் நீண்டு தொங்கும் நூலை நடுவில் பிடித்துக்கொள்கிறது. மாமி சிறிய ஸ்வெட்டரில் சதுரத்தைச் சுருக்கியும் புள்ளியை விட்டுவிடாமல் வைத்ததன் காரணத்தை, பல புத்தகங்களைப் படித்த பின்னரே நான் உணர்ந்தேன்.

ஆகவே, பார்த்துச் செய்வது இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. பாயைக் கம்பளியாக மாற்றிய மாமியின் அறிவும் அறிவே. அதைக் கட்டத்தாளில் ஏற்றிய என் உழைப்பும் உழைப்பே. பிறர் கையிலிருந்து பெறாமல் எந்தக் கைத்தொழிலும் வளர்ந்ததில்லை. பெற்றதைப் பெற்றதாகச் சொல்வதில்தான் நேர்மை இருக்கிறது. மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். தொழுகைப் பாயில் அமர்ந்து எத்தனையோ முறை இறைவனுக்கு நன்றி சொன்ன நான், ஒரு கோரைப் பாயை நெய்தவருக்கு நன்றி சொல்ல மறந்தேன்.

மறுநாள் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். “போ புள்ள, அதையெல்லாமா மனசில் வைப்பாங்க?” என்று சிரித்துவிட்டார்கள். பின்பு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அந்தக் கரையை முதற்பக்கத்தில் வரைந்தேன். அதனடியில் மாமியின் உம்மாவின் பெயரையும், மாமியின் பெயரையும், பத்தமடை என்ற ஊர்ப்பெயரையும் எழுதினேன். இன்று அந்த நோட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் அது கிடைத்த இடத்தை எழுதியிருக்கிறேன். ஒன்று பக்கத்து வீட்டுச் சகோதரி கற்றுத்தந்தது; ஒன்று ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெண்மணியின் சால்வையில் கண்டது; ஒன்று தேயிலைத் தோட்டத்தின் வரிசைகளைப் பார்த்து வரைந்தது.

ஆயினும் கண்காட்சியில் கூடியிருந்தவர்களிடம் உண்மையைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. தேடிச் சென்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. மாமி அவர்கள் 2003ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் இறையடி சேர்ந்தார்கள். பரிசாக வந்த குடம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் தண்ணீர் மொள்ளும்போது அது என் கண்ணில் படுகிறது. தம் பெயர் பத்திரிகையில் வருவதை மாமி விரும்பமாட்டார்கள் என்பதால் அதை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் அன்று சொல்லத் தவறியதை இன்று உங்கள் அனைவரின் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சிவப்புச் சாய்சதுரக் கரை என் கற்பனை அன்று. பத்தமடையில் ஒரு தாய் தம் மகளின் திருமணத்திற்காக நெய்த பாயிலிருந்து வந்தது.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ மாமியோ மைனியோ கற்றுத்தந்த பின்னலோ, தையலோ, பலகாரமோ கட்டாயம் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். எவரேனும் “எங்கே எடுத்தீர்கள்?” என்று கேட்டால், தயங்காமல் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

இதைப் படித்து முடித்ததும், முகம் அறியாத அந்தப் பத்தமடைத் தாய்க்காக ஒரு துஆ செய்யுங்கள். 1992இல் என்னால் அவர்களுக்குக் கிடைக்காமற் போனது அது. வல்ல அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை ஒளிமயமாக்கி, என் மாமியின் பிழைகளையும் என் பிழைகளையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.